பதினாறு பாகைக் குளிர்

பிறர் படுந் துன்பத்தை அளந்து பாராமல் சிரித்துவிடலாகாது என்று வகுப்பறையில் நாம் எத்தனையோ முறை சொல்லியிருக்கின்றோம். சொல்வது எளிது. ஹவாய்த் தீவிலே, ஒரு மார்கழி மாதக் கடைசியில், நாமே சிரித்தோம். மூன்றாம் நாள் இரவு அதற்காக வெட்கப்பட்டோம். அந்தக் கதையையே இவ்வாரம் வாசகர்களோடு பேசலாமென்று எண்ணுகின்றோம்.

நம்மோடு ஒரே வாங்கிலிருந்து படித்த நண்பரொருவர் பல்லாண்டுகளாக ஹொனலூலூ நகரில் வாழ்ந்து வருகின்றார். அவ்வூர்ப் பெண்ணையே மணந்தவர். ஒரு விடுமுறைக்காவது வந்து போகுமாறு ஆண்டுதோறும் எழுதுவார். ஒருமுறை போனோம். விமான நிலையத்தில் நண்பரின் ஒரு கையிலே மலர்மாலை இருந்தது. அது நாம் எதிர்பார்த்ததே. மற்றக் கையிலே தடித்த கம்பளிச் சட்டையொன்று இருந்தது. அதனை நாம் எதிர்பார்க்கவில்லை.

"இதைப் போட்டுக்கொள்ளும். குளிர் வரப்போகிறது. இரவில் அறுபதுக்கு இறங்குமென்று வானொலியில் சொன்னார்கள்" என்றார்.

அந்நாட்டார் இன்னமும் பரன்ஹைற் அளவையையே வழங்குகின்றனர். அறுபது என்பது நமது கணக்கில் ஏறத்தாழ 16 பாகை. நமது நுவரெலியாவிலே தை மாதத்து இரவில் வெப்பநிலை 10 பாகைக்குங் கீழே இறங்குவதுண்டு. சில விடியற்காலைகளில் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாய்ப் படிந்திருப்பதையும் கண்டிருக்கின்றோம். பதினாறு பாகைக்கு ஒரு கம்பளிச் சட்டையா? வாய்விட்டே சிரித்துவிட்டோம்.

"சிரியும், சிரியும். இரண்டு மூன்று நாள் இருந்து பார்த்துவிட்டுச் சொல்லும்" என்றார் நண்பர்.

ஹவாய் என்றதும் நம் வாசகர்களிற் பலருக்கு நினைவுக்கு வருவது அங்குள்ள காவாய்த் தீவின் சைவ ஆதீனமாக இருக்கும். கொழும்புத்துறையில் வாழ்ந்த யோகர் சுவாமிகளை 1949 ஆம் ஆண்டில் அடைந்து அருள்பெற்ற அமெரிக்கராகிய சிவாய சுப்பிரமுனிய சுவாமிகள் அதனை 1970 இல் நிறுவினார். கருங்கல்லாலான இறைவன் கோயிலுக்கு அங்கே 2023 இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. ஏனையோருக்கு நினைவுக்கு வருவன தென்னையும் வெண்மணலும் ஆடுமகளிரும். அங்கே குளிர்காலம் என ஒன்று உண்டென்று எண்ணுவார் அரியர்.

உண்டு. ஹவாய் மக்கள் தொன்றுதொட்டு ஆண்டினை இரு பருவங்களாகப் பிரித்தனர். வெயிற் பருவம் 'காவு'; மழையும் தண்மையுங் கூடிய பருவம் 'ஹோ ஓயிலோ'. பின்னது கார்த்திகை அளவில் தொடங்கிச் சித்திரை வரையிற் செல்லும். பசுபிக் பெருங்கடலின் நடுவே, கலிபோர்ணியாக் கரையிலிருந்து ஏறக்குறைய 2,400 மைல் தொலைவிற் கிடக்கும் அத்தீவுகளை ஆண்டின் பெரும்பகுதியும் வடகிழக்குக் காற்று வீசிக் காக்கின்றது. மாரியிலே அக்காற்றுத் தளரும் வேளைகளுண்டு. அப்பொழுது வடபசுபிக்கிலே உருவாகும் புயல்களின் வால் நீண்டு தீவுகளைத் தொடும். முதலில் தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் 'கோனா' என்னும் ஈரக்காற்று வீசும். வானம் இருண்டு மழை கொட்டும். மழை கடந்ததும் வடக்கிலிருந்து குளிர்காற்று நுழையும். வானம் பளிங்குபோலத் தெளியும். அத்தெளிந்த இரவுகளிலேதான் மலையின் குளிர் பள்ளத்தாக்குகளில் இறங்கித் தங்கும். ஹொனலூலூவிலே சாதாரணமாகத் தை மாத இரவுகள் 19 அல்லது 20 பாகையில் நிற்கும். பகல் 27 வரை ஏறும். அதிலிருந்து நாலைந்து பாகை குறைந்தாற் போதும், அதுவே ஊர்ப்பேச்சாகிவிடும்.

நண்பரின் வீடு மானோவா என்னும் பள்ளத்தாக்கிலே இருந்தது. ஹவாய்ப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள இடமும் அதுவே. மழைக்கும் வானவில்லுக்கும் பேர்போனது. ஹவாய் மொழியிலே மழைக்கு இருநூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள் உண்டு. ஒவ்வோரூரின் மழைக்கும் ஒவ்வொரு பெயர். மானோவாவின் மழைக்கு 'துவாஹினே' என்று பெயர். நாம் சென்ற மறுநாள் அந்த மழை ஒரு பகல் முழுதும் பெய்து ஓய்ந்தது. மாலையில் வடகாற்று வந்தது.

இனி வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏனெனில் நமது சிரிப்பை அடக்கியது வெப்பமானியன்று, அவ்வீடே.

அது பழைய மரவீடு. தரையிலிருந்து தூண்களின்மேல் உயர்த்திக் கட்டியது. சுவரென்பது ஓரங்குலத் தடிப்புள்ள பலகை ஒற்றை வரிசை. வெளியே மழை படுவதும் உள்ளே படத்தை மாட்டுவதும் அதே பலகையில்தான். யன்னல்களோ கண்ணாடிப் பட்டிகளை ஒன்றின்மேலொன்றாக அடுக்கி, ஒரு பிடியைத் திருப்பினால் எல்லாம் ஒருங்கே திறந்து மூடுமாறு அமைத்தவை. காற்று வரவேண்டுமென்றே செய்யப்பட்டவையாதலால், இறுக மூடினாலும் பட்டிகளின் இடையே காற்று நுழையும். கணப்படுப்பு இல்லை, வெந்நீர்க் குழாய்களும் இல்லை. நாலாயிரம் அடி உயரத்திலுள்ள வொல்கேனோ என்னும் எரிமலையூரிலும், மாவித் தீவின் கூலா மலைச்சாரலிலும் விறகடுப்பு உள்ள வீடுகள் உண்டு. தாழ்நிலத்து வீடுகளுக்கு அவை வேண்டியதில்லை என்பதே ஊரார் துணிபு. ஆகவே வெளியிலே பதினாறென்றால் உள்ளேயும் ஏறக்குறையப் பதினாறுதான். கனடாவிலோ இங்கிலாந்திலோ உள்ள நம்மவர் பனிக்கட்டியின் நடுவே வாழினும் வீட்டினுள்ளே 20 பாகையில் இருக்கின்றனர். அவர்களுக்குக் குளிர் என்பது கதவுக்கு வெளியே உள்ள பொருள். இங்கோ அது கூடவே குந்தியிருக்கும்.

அவ்வீட்டிலே ஐவர் வாழவேண்டியவர்; நால்வரே இருந்தனர். நண்பர், அவர் மனைவி, பத்து வயது மகன், மனைவியின் தாயார். பாட்டியை அங்கே 'டூட்டூ' என்பர். நாமும் அவ்வாறே அழைத்தோம். எண்பதைக் கடந்த அம்மூதாட்டி பழைய ஹவாய்க் குடியிற் பிறந்தவர். பாட்டன் ஒருவர் சீனர் என்று சொன்னார். ஐந்தாமவள் நண்பரின் மூத்த மகள். அவள் லாஸ் வேகாஸ் நகருக்கு வேலைக்குப் போய் இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. வீட்டு வாடகையும் உணவு விலையும் தாங்கமாட்டாமல் ஹவாய் மக்கள் அந்நகருக்குக் கூட்டங் கூட்டமாகப் போகின்றனர். அதனை 'ஒன்பதாந் தீவு' என்றே வேடிக்கையாக அழைக்கின்றனர். பெருந்தீவுகள் எட்டு, ஒன்பதாவது பாலைவனத்தில் உளது!

பேத்தியின் அறை அவள் விட்டுப்போனபடியே இருந்தது. கட்டில், பாடப்புத்தகங்கள், அலையிலே சறுக்கும் பலகை எல்லாம் அப்படியே. அறைக்கதவு எப்பொழுதும் திறந்திருந்தது. யன்னற் பட்டிகளும் திறந்திருந்தன. வடகாற்று முதலிலே அவ்வறையில் நுழைந்து, நடையைக் கடந்து, வீடெங்கும் பரவியது. "யன்னலை மூடிவிடலாமே, மாமி" என்று நண்பர் சொன்னதை நாம் கேட்டோம். "அறையை மூடினாற் பூஞ்சணம் பிடிக்கும்" என்றார் மூதாட்டி. ஈரப்பற்றுள்ள அப்பள்ளத்தாக்கில் அது உண்மையே. நண்பர் மறுபேச்சுப் பேசவில்லை. அவ்வுரையாடல் முன்னரும் பலமுறை நிகழ்ந்ததென்பது அவர் முகத்திலே தெரிந்தது.

குளிரின் முதற் காலையில் நாம் குளிக்கப் போனோம். நீர் கைபொறுக்கமாட்டாத தண்மை. ஹவாயிலே வீட்டுக் கூரைகளிற் சூரிய வெப்பத்தால் நீர் சூடாக்கும் பொறிகள் மிகுதி. 2010 ஆம் ஆண்டு முதல் புதிதாகக் கட்டப்படும் தனிவீடுகளுக்கு அது வேண்டுமென்று சட்டமே உண்டு. நண்பரும் தம் பழைய வீட்டுக்கு ஒன்று பொருத்தியிருந்தார். முதல்நாள் முழுதும் மழைமேகம் மூடியிருந்தமையால் சூரியன் தன் கடமையைச் செய்யவில்லை. அவ்வாறான நாளுக்கென மின்சாரத்தாற் சூடாக்கும் ஒரு விசையும் உண்டு. அதனை அழுத்துவதற்குத்தான் வீட்டிலே ஆளில்லை. காரணம் கேட்டபோது நண்பர் மின்கட்டணத் தாளை எடுத்துக் காட்டினார். பெரும்பாலும் கப்பலில் வந்திறங்கும் எண்ணெயை எரித்தே அங்கு மின்சாரம் ஆக்குகின்றனர். ஐக்கிய அமெரிக்காவின் மாநிலங்கள் அனைத்திலும் மின்கட்டணம் மிகக்கூடியது ஹவாயிலேதான். கட்டணத் தாளைப் பார்த்ததும் குளிர்நீர் அவ்வளவு குளிர்ந்ததாகத் தோன்றவில்லை.

ஊரார் உடையும் வேடிக்கையானது. மேலே தலைமூடியோடு கூடிய தடித்த சட்டை, கீழே அரைக்காற்சட்டை, காலிலே இறப்பர்ச் செருப்பு. குளிர்காலத்துக்கும் வெயிற்காலத்துக்கும் இடையே அவர்கள் செய்துகொண்ட உடன்படிக்கை அது என்று வைத்துக்கொள்ளலாம். செருப்பை வாயிலிலே கழற்றிவிட்டு உள்ளே செல்வது நம்மைப் போலவே அவர்களுக்கும் வழக்கம். ஆதலால் வெறுங்காலோடு மரத்தரையிலே நடக்கும்போது குளிர் உள்ளங்காலில் ஏறும். நாமும் இரண்டாம் நாளே கம்பளிச் சட்டையை வாய்பேசாது எடுத்து அணிந்துகொண்டோம். நண்பர் பார்த்தும் பாராதவர்போல இருந்தார். அது அவருடைய நற்குணம்.

வீட்டிலே சூடுள்ள இடம் ஒன்றே, அது அடுக்களை. குளிர் விழுந்ததும் அனைவரும் தாமாகவே அங்கே வந்து சேர்ந்தனர். மகன் பாடப்புத்தகத்தோடு வந்தான். நண்பர் பத்திரிகையோடு வந்தார். டூட்டூ தம் சாய்மனைக் கதிரையையே அடுப்பருகே இழுப்பித்துக்கொண்டார். மற்ற நாட்களிலே ஆளுக்கொரு மூலையில் இருந்து கைப்பேசியை நோக்கிக்கொண்டிருந்த குடும்பம், காற்றின் கட்டளைப்படி ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தது.

அடுப்பிலே ஏறியவற்றைச் சொன்னால் அத்தீவுகளின் வரலாற்றையே சொல்லவேண்டும். கரும்புத் தோட்டங்களுக்காக 1852 இற் சீனரும், 1878 இற் போர்த்துக்கேயரும், 1885 இல் யப்பானியரும், 1903 இற் கொரியரும், 1906 இற் பிலிப்பைன் நாட்டாரும் கூலிகளாகக் கப்பலில் வந்திறங்கத் தொடங்கினர். யப்பானியருட் சிறு தொகையினர் 1868 இலேயே வந்ததுமுண்டு. நம் மலையகத்தின் கதையை அறிந்தவர்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. கடைசிக் கரும்பாலை 2016 இறுதியில் மூடப்பட்டது. கரும்பு போயிற்று, அவர்கள் கொணர்ந்த கஞ்சியும் சாறும் நின்றன. உலர்ந்த இறாலும் மீனும் இட்டுக் காய்ச்சிய சாற்றிலே மாவிழைகளைப் போட்டு உண்ணும் 'சைமின்' தோட்டத்து வாழ்விலே பிறந்தது. அவரையும் கோவாவும் உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்த்துக் காய்ச்சுவது போர்த்துக்கேயர் சூப்பு. நத்தாருக்குச் சமைத்த வான்கோழியின் எலும்பை வீசாது, அரிசியோடிட்டுக் குழையக் காய்ச்சுவது சீனர் கஞ்சி. அதனை 'ஜூக்' என்பர்.

நாம் சைவ உணவினர். நமக்கெனத் தனிச்சட்டியில், இஞ்சியும் வெங்காயத்தாளும் மட்டுமிட்டு, டூட்டூ தம் கையாலே அரிசிக்கஞ்சி காய்ச்சித் தந்தார். உப்பிட்டுக் குடித்தபோது, யாழ்ப்பாணத்து அடுக்களையொன்றிலே இருக்கின்றோமோ என்று ஒரு கணம் மயங்கினோம். அடுத்த வீட்டு யப்பானிய மூதாட்டி ஒரு மூடிய பாத்திரத்தில் சூப்புக் கொண்டுவந்து தந்தார். அவருடைய பாத்திரம் மறுநாட் காலை எலுமிச்சம்பழங்களோடு திரும்பிப் போயிற்று. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது முறையன்று என்பது அங்கும் விதி. பெரியவர்களை இளையோர் உறவிருந்தாலும் இல்லாவிட்டாலும் 'அன்ரி', 'அங்கிள்' என்றே அழைக்கின்றனர். உலகின் மறுபக்கத்திலே இருக்கின்றோம் என்பதை நாம் அடிக்கடி மறந்தோம்.

இரண்டாம் நாள் மாலை தொலைக்காட்சியிலே பனிமலையைக் காட்டினார்கள். ஹவாய்ப் பெருந்தீவிலுள்ள மௌனா கேயா மலை 13,800 அடி உயரமானது. மாரியில் அதன் முடியிலே பனி பெய்வது ஏறக்குறைய ஆண்டுதோறும் நிகழ்வது. பொலியாஹு என்னும் தெய்வப்பெண் தன் வெண்போர்வையை விரிப்பதாகப் பழையோர் சொல்வர். சாலை திறந்ததும் ஹீலோ நகரத்தார் பாரவண்டிகளிலே மலையேறி, வண்டிப்பெட்டி நிறையப் பனியை அள்ளிக்கொண்டு கீழே விரைவர். தென்னையடியிலே பனிமனிதன் ஒருவனைச் செய்து நிறுத்துவர். அவன் ஒரு நாழிகையில் உருகிப்போவான். 2019 மாசி மாதத்திலே மாவித் தீவில் 6,200 அடி உயரத்திலுள்ள பொலிப்பொலிப் பூங்காவிலும் பனி படிந்து, ஊரே வியந்தது. சிறுவன் அதைப் பார்த்துவிட்டு, "அக்கா இருந்தால் ஹீலோவுக்குக் கூட்டிப் போயிருப்பாள்" என்றான். அதற்கு ஒருவரும் விடைசொல்லவில்லை. டூட்டூ எழுந்துபோய் அடுப்பிலிருந்த பானையைக் கிளறினார். அதிலே கிளறுவதற்கு ஒன்றுமில்லை.

மறுநாட் காலை நாம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, புற்றரையிலே ஒரு பறவை ஓடுவதும் நிற்பதுமாக இரைதேடிற்று. முதுகிலே பொன்னிறப் புள்ளிகள். "கோலேயா வந்துவிட்டதா?" என்று பின்னாலிருந்து டூட்டூ கேட்டார். அது உப்புக்கொத்தியினத்துப் பறவை. கோடையில் அலாஸ்காவிலே குஞ்சு பொரித்து, ஆவணி அளவிற் புறப்பட்டு, ஏறக்குறைய மூவாயிரம் மைல் கடலை எங்கும் இறங்காமல் மூன்று நாலு நாளிற் கடந்து வந்துசேரும். சித்திரைக் கடைசியில் திரும்பிப் போகும். வியப்பென்னவெனில், சென்ற ஆண்டில் மேய்ந்த அதே முற்றத்துக்கே மறு ஆண்டும் வரும். அவ்வீட்டு முற்றத்துக்கு அது ஐந்தாம் ஆண்டாக வருகின்றதாம். அதே இனத்துப் பறவைகள் நமது யாழ்ப்பாணக் கடனீரேரிக்கும் மாரியில் வருகின்றன; அவை சைபீரியாப் பக்கத்திலிருந்து வருபவை. "அதற்கு வழி தெரிகிறது" என்றார் மூதாட்டி. வேறொன்றும் சொல்லவில்லை.

அன்றிரவுதான் குளிர் மிகுந்தது. இரவுணவு முடிந்ததும் லாஸ் வேகாஸிலிருந்து பேத்தி தொலைபேசியிற் கூப்பிட்டாள். அங்கே வெளியில் 4 பாகை. வீட்டினுள்ளே சூடாக்கி ஓடுவதால் அரைக்கைச் சட்டையோடு இருந்தாள். "டூட்டூ, அங்கே குளிராமே?" என்று கேட்டாள். "குளிரா? ஒன்றுமில்லை" என்றார் பாட்டி. பேச்சு முடிந்து தொலைபேசியைக் கீழே வைத்தபின்னரே, அதுவரை அடக்கியிருந்த இருமலை இருமினார். அது நெடுநேரம் நிற்கவில்லை. கையைத் தொட்டுப் பார்த்தபோது கல்லைப்போலத் தண்ணென்றிருந்தது. எண்பது வயதுடம்பு தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள வல்லதன்று. இளையோர் சிரித்துத் தள்ளும் பதினாறு பாகை, இரவு முழுதும் நீடித்தால், அதற்குப் பேராபத்து. விமான நிலையத்துச் சிரிப்பு நமக்கு அப்பொழுது நினைவுக்கு வந்தது.

நண்பர் மருத்துவரோடு பேசினார். உடலைச் சூடாக வைத்துச் சூடாகக் குடிக்கக் கொடுக்குமாறும், மூச்சு முட்டினால் உடனே கொண்டுவருமாறும் அவர் சொன்னார். வீட்டிலே மின்சூடாக்கி ஒன்று இருந்தது. அதனை இயக்குவதற்கு அன்றும் டூட்டூ இணங்கவில்லை, கட்டணத்தை நினைவூட்டினார். மகள் முதன்முறையாகத் தாயைக் கடிந்து பேசி அதனை இயக்கினாள். ஆயினும் பயன் சிறிது. பேத்தியின் அறையிலிருந்து வந்த காற்று, சூட்டை அள்ளிக்கொண்டு போயிற்று.

நாம் அடுக்களைக்குச் சென்று கொத்தமல்லியை வறுத்து, இஞ்சி தட்டிப்போட்டு, மல்லித் தண்ணீர் அவித்தோம். கொத்தமல்லியை நண்பர் ஒரு போத்தலிலே வைத்திருந்தார். எத்தனை ஆண்டானாலும் நம்மவர் வீட்டில் அது இருக்கும். டூட்டூ ஒரு மிடறு குடித்து, "எங்கள் மாமக்கி இலைத் தேநீரைவிடக் காரம்" என்றார். முழுவதையுங் குடித்தார்.

அப்பொழுது அவர் மகள், பேத்தியின் அறை அலுமாரியிலிருந்து ஒரு பெரிய போர்வையை எடுத்து வந்தாள். வெள்ளைத் துணியின்மேல் பச்சைத் துணியை ஒரே துண்டாக வெட்டித் தைத்த ஈரப்பலா இலைகளும் காய்களும். பச்சைத் துணியை எட்டாக மடித்து, சிறுவர் காகிதப்பூ வெட்டுவதுபோல வெட்டி, விரித்துத் தைப்பது ஹவாய்ப் பெண்டிர் முறை. அவ்வுருவைச் சுற்றிச் சுற்றி, குளத்து அலைகள்போலத் தையல் வரிகள் ஓடும். தையற்கலையை 1820 இல் வந்த அமெரிக்கப் பாதிரிமாரின் மனைவியர் கற்பித்தனர். அதற்கு முன்னரும் அவர்களிடம் போர்வை இருந்தது. மரப்பட்டையை ஊறவைத்து அடித்துச் செய்த துணிகள் பலவற்றை ஒரு விளிம்பிலே மட்டும் சேர்த்துத் தைத்திருப்பர். குளிருக்கேற்ப ஓரேட்டையோ ஈரேட்டையோ இழுத்துப் போர்த்துக்கொள்ளலாம். முதற்போர்வை தைப்பவள் ஈரப்பலாவையே தைக்கவேண்டுமென்பது அவர்கள் வழக்கு. அந்த வீட்டில் உணவுக்கு ஒருநாளும் குறைவு வராதாம்.

அது பேத்திக்கென டூட்டூ மூன்றாண்டு தைத்த போர்வை. அவள் போகும்போது முடிந்திருக்கவில்லை. முடிந்தபின் அனுப்பவும் மனம் வரவில்லை. அவள் வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று வைத்திருந்தார்.

"இது எனக்கன்று" என்று மூதாட்டி தள்ளினார்.

"இன்றிரவுக்கு உங்களுக்குத்தான்" என்றாள் மகள்.

சிறுவன் அதுவரை பேசாதிருந்தான். "அக்காவின் அறையில் நான் படுக்கிறேன், டூட்டூ. ஆள் படுத்தாற் பூஞ்சணம் பிடிக்காது" என்றான். பாட்டி அவனை நெடுநேரம் பார்த்தார். பின்பு, "யன்னலை மூடிவிட்டுப் படு" என்றார். நண்பர் விரைந்து சென்று யன்னற் பிடியைத் திருப்பினார். கண்ணாடிப் பட்டிகள் ஒருங்கே மூடிய ஓசை நடைவரை கேட்டது. சற்று நேரத்தில் வீடு வெதுவெதுப்படைந்தது. விடியற்காலையில் இருமல் தணிந்து மூதாட்டி உறங்கினார்.

நமக்கு உறக்கம் வரவில்லை. விடியும்வரை ஒரு கதிரையிலிருந்து சிந்தித்தோம். அவ்விரவு எட்டரை மணியளவில், மல்லித் தண்ணீர் கொதிக்குமட்டும் வீட்டு விறாந்தையில் நின்றபோது, கார்த்திகை மீன்கள் ஏறக்குறைய நம் தலைக்கு நேர் மேலே நின்றன. ஹவாய் மக்கள் அவற்றை 'மக்காலி இ' என்பர். கார்த்திகை அளவில் ஞாயிறு மறைய அம்மீன்கள் கீழ்வானில் எழுவது கண்டே பழைய நாளில் 'மக்காஹிக்கி' விழாவைத் தொடங்கினர். நாலு மாதம் போரில்லை; லோனோ என்னும் மழைத்தெய்வத்துக்குப் படையலும் விளையாட்டும். அதே மீன்கள் எழும் மாதத்திலேதான் நாம் வாயிலெங்கும் விளக்கீடு செய்கின்றோம். மாரி தொடங்கும்போது மனிதர் ஒருவரோடொருவர் நெருங்கியிருக்கவேண்டுமென்பதை இரு மக்களும் தனித்தனியே கண்டுகொண்டனர் போலும்.

2020 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஹவாய்ப் பழங்குடியிற் பிறந்தோரிற் பாதிக்கு மேற்பட்டோர் ஹவாயிலே இல்லை. அமெரிக்கப் பெருநிலத்திலே வாழ்கின்றனர். இச்செய்தியை நண்பர் சொன்னபோது நாம் வியப்படையவில்லை. நமது தெருவிலே எத்தனை வீடுகளில் முதியோர் மட்டும் இருக்கின்றனர் என்பதை எண்ணிப் பார்த்தோம். எல்லா வீடுகளிலும் ஓரறை, விட்டுப்போனவர் விட்டுப்போனபடியே கிடக்கின்றது. சிலர் அதனைப் பூட்டி வைக்கின்றனர். சிலர் திறந்து வைக்கின்றனர். இரண்டும் ஒன்றே. அவ்வறையைப் பேணுவதில் நாம் காட்டும் கருத்தை, அடுத்த அறையிலே இருமுகின்றவர்மேற் காட்டுகின்றோமா? போனவர் மேலுள்ள அன்பு குறையவேண்டுமென்று யாரும் சொல்லவில்லை. அவ்வன்பின் வழியாகவே குளிர்காற்றும் உள்ளே வரவிடலாமா என்பதே கேள்வி. பத்து வயதுச் சிறுவன் அதற்கு விடை கண்டான்: அறையிலே ஆள் படுக்கவேண்டும்.

ஐந்தாம் நாள் வடகிழக்குக் காற்று மீண்டது. கூரையின்மேல் வெயில் விழுந்தது. குழாயிலே வெந்நீர் வந்தது. அடுக்களையிற் கூடிய குடும்பம் பழையபடி மூலைகளுக்குப் பிரிந்தது. ஆயினும் சிறுவன் தன் பாயையும் தலையணையையும் அக்காவின் அறையிலிருந்து எடுக்கவில்லை.

நாம் ஊர் திரும்பிச் சில மாதங்களின்பின் நண்பரிடமிருந்து கடிதம் வந்தது. கோலேயாப் பறவை சித்திரைக் கடைசியிலே வடக்கு நோக்கிப் புறப்பட்டுவிட்டதாம். அதே வாரத்தில் டூட்டூ ஈரப்பலாப் போர்வையைத் தோய்த்துக் காயவைத்து, மடித்து, பேத்திக்குத் தபாலில் அனுப்பிவிட்டாராம். "நான் போர்த்துப் பார்த்துவிட்டேன், நன்றாகச் சுடுகிறது" என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி உள்ளே வைத்தாராம். இப்பொழுது பேரனுக்கென இன்னொன்று வெட்டத் தொடங்கியிருக்கின்றாராம்.

நம் வீட்டிலும், பிறநாட்டிலே வாழும் தம்பியின் அறை பல்லாண்டாகப் பூட்டிக் கிடந்தது. கடிதத்தை வாசித்த அன்று மாலையே அதனைத் திறந்து தூசி தட்டி, தாயாரின் கட்டிலை அங்கே மாற்றினோம். வீட்டிலே காற்றோட்டமும் வெளிச்சமும் மிக்க அறை அதுவே. அத்தனை ஆண்டுகளாக அதனை ஒரு கட்டிலும் இரண்டு பெட்டிகளும் அனுபவித்து வந்தன. தாயார் முதலில், "அவன் வந்தால் எங்கே படுப்பான்?" என்று கேட்டார். "உங்கள் பக்கத்திற் பாய் போட்டுப் படுப்பான்" என்றோம். அதற்கு அவர் சிரித்தார். நம் தாயார் சிரித்து நெடுநாளாயிற்று.